கருகிய சர்க்கரை காப்பாற்றிய பேட்டரி: மின் வாகனங்களுக்குள் ஒளிந்திருக்கும் கரிப்பூச்சின் கதை

மின்சார வாகன ஷோரூமுக்குப் போனால் இப்போது கட்டாயம் காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: "இது எல்.எஃப்.பி பேட்டரி சார். சீக்கிரம் தீப்பிடிக்காது, ரொம்ப வருஷம் உழைக்கும்." வீட்டு இன்வெர்ட்டருக்கு லித்தியம் பேட்டரி விற்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எல்.எஃப்.பி என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024இல் உலகில் மின் வாகனங்களுக்குப் போன பேட்டரிகளில் கிட்டத்தட்ட பாதி இந்த வகைதான். சீனாவில் இது ஏறக்குறைய முக்கால் பங்கு.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பொருள் 1997இல் உலகுக்கு அறிமுகமானபோது, இது வாகனத்தை ஓட்டும் என்று நம்பியவர்கள் குறைவு. காரணம் எளிமையானது. இதில் மின்சாரம் சரியாகப் பாயாது! மின்சாரம் பாயாத ஒரு தூளை வைத்து எப்படி பேட்டரி செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை சமையலறையில் கிடைக்கும் ஒரு பொருளில் இருந்தது: சர்க்கரை. சரியாகச் சொன்னால், கருகிய சர்க்கரை.

முதலில், கேத்தோடு என்றால் என்ன?

உங்கள் செல்போனில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் (தயவுசெய்து பிரிக்காதீர்கள்!) உள்ளே இரண்டு பக்கங்கள் இருக்கும். ஒரு பக்கம் ஆனோடு, பெரும்பாலும் கிராஃபைட். மறுபக்கம் கேத்தோடு. நடுவே எலெக்ட்ரோலைட் என்ற திரவம்.

போன் இயங்கும்போது லித்தியம் அயனிகள் ஆனோடிலிருந்து கிளம்பி, எலெக்ட்ரோலைட்டில் நீந்தி, கேத்தோடுக்குள் போய் உட்காருகின்றன. அதே நேரத்தில், ஒவ்வொரு அயனிக்கும் ஒரு எலெக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு அதே கேத்தோடுக்கு வந்து சேருகிறது. அப்படிச் சுற்றி வரும் எலெக்ட்ரான்தான் உங்கள் திரையை எரிய வைக்கிறது. சார்ஜ் போடும்போது இது அப்படியே தலைகீழாக நடக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேத்தோடில் இருக்கும் ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு விருந்தாளிகள் வர வேண்டும். திரவத்தின் வழியாக லித்தியம் அயனி. உலோகத் தகடு வழியாக எலெக்ட்ரான். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் அந்தத் துகள் சும்மா கிடக்கும். அது பேட்டரிக்குள் இருக்கும் வெறும் சுமை.

இரும்பை ஏன் தேடினார்கள்?

1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி பேட்டரியில் கேத்தோடு லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு கண்டறிந்த பொருள் அது. இன்றும் பெரும்பாலான செல்போன்களில் அதன் வம்சம்தான் ஓடுகிறது.

ஆனால் கோபால்ட்டில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, விலை. உலகின் பெரும்பகுதி கோபால்ட் காங்கோ ஜனநாயகக் குடியரசு என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. இரண்டு, பாதுகாப்பு. முழுதாகச் சார்ஜ் ஏறிய கோபால்ட், நிக்கல் ஆக்சைடு கேத்தோடுகள் சுமார் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடானால் தங்களிடம் உள்ள ஆக்ஸிஜனை விட ஆரம்பிக்கும். எரியக்கூடிய எலெக்ட்ரோலைட் பக்கத்திலேயே இருக்கும்போது ஆக்ஸிஜனும் கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரும்பு மலிவு, எங்கும் கிடைக்கும், நச்சும் இல்லை. ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடுகளில் கிடைத்த வோல்ட்டேஜ் மிகக் குறைவு. இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் தமிழர். தென் தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 1980களின் பிற்பகுதியில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அவரும் குட்இனஃபும் ஒன்றைக் காட்டினார்கள். வெறும் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக சல்பேட் போன்ற தொகுதிகளோடு இரும்பைப் பிணைத்தால் வோல்ட்டேஜ் உயர்கிறது. தொகுதிக்குள் இருக்கும் கந்தகம் ஆக்ஸிஜனைத் தன் பக்கம் இறுக்கி இழுத்துக்கொள்வதால், இரும்புக்கும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள பிடிப்பு தளர்வதே காரணம். 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை வாசித்தவரும் மந்திரம்தான்.

அந்தப் பாதையில் அடுத்த அடியை அதே ஆய்வகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி ஆகிய இந்திய ஆய்வாளர்கள் குட்இனஃபுடன் சேர்ந்து எடுத்து வைத்தார்கள். 1997இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருந்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட். லித்தியத்துடன் ஒப்பிட்டு அளந்தால் 3.4 வோல்ட். ஒரு கிராமில் 170 எம்ஏஎச் வரை சேமிக்கலாம் என்றது கணக்கு. ஆக்ஸிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்திருப்பதால் அது எளிதில் பிரிந்து ஓடாது.

மலிவு, பாதுகாப்பு, போதுமான வோல்ட்டேஜ். எல்லாம் சரி. அப்புறம் என்ன?

ஊர் இருக்கிறது, ரோடு இல்லை

சிக்கல் மின்கடத்துதிறனில். எல்.எஃப்.பி தூளில் எலெக்ட்ரான் நகரும் வேகம் படுமோசம். லித்தியம் கோபால்ட் ஆக்சைடோடு ஒப்பிட்டால் லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள் என்றே சொல்லலாம்.

ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயலுக்கு வாய்க்கால் இருக்கிறது, தண்ணீர் வருகிறது. ஆனால் ஊருக்குள் வர ரோடு கிடையாது. உரமும் வராது, ஆட்களும் வர மாட்டார்கள். வாய்க்கால் இருந்து என்ன பயன்? எல்.எஃப்.பி படிகத்துக்குள் லித்தியம் அயனி போய்வர நீளவாக்கில் குறுகிய சுரங்கப் பாதைகள் உண்டு. அதுதான் வாய்க்கால். எலெக்ட்ரான் வர ரோடுதான் இல்லை.

விளைவு, 1997ஆம் ஆண்டு சோதனைகளில் அந்தப் பொருள் கொடுக்க வேண்டியதில் சுமார் 60 சதவீதம்தான் கிடைத்தது. அதுவும் மிக மெதுவாகச் சார்ஜ் செய்து, மிக மெதுவாக டிஸ்சார்ஜ் செய்தால்தான். ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் பாய வேண்டிய ஸ்கூட்டருக்கு இது ஒத்தே வராது. கட்டுரையை எழுதியவர்களே இது குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்யும் பயன்பாடுகளுக்கு ஏற்றது என்ற அளவில்தான் பேசினார்கள்.

சர்க்கரையைக் கருக வைத்தவர்கள்

திருப்பம் கனடாவில் நடந்தது. மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஆர்மான், நதாலி ரவே ஆகியோரும், கியூபெக் மாகாணத்தின் மின்வாரியமான ஹைட்ரோ-கியூபெக்கின் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு யோசனையை முயன்றார்கள். துகளின் உட்புறத்தை மாற்ற முடியாவிட்டால் போகட்டும். அதன் மேல் மின்சாரம் பாயும் ஒரு தோலைப் போர்த்திவிட்டால்?

சர்க்கரையை வாணலியில் போட்டுச் சூடேற்றினால் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் உருகும். பிறகு பழுப்புப் பாகாகும். கவனிக்காமல் விட்டால் கருகிக் கரியாகும். சர்க்கரையில் இருந்த ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் நீராவியாகவும் மற்ற வாயுக்களாகவும் வெளியேற, மிஞ்சுவது கார்பன். இதையே காற்றில்லாத உலையில் சுமார் 700 டிகிரி செல்சியஸில் செய்தால், மிஞ்சும் கார்பன் ஓரளவு கிராஃபைட் போல அடுக்கிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும்.

எல்.எஃப்.பி தூளோடு சர்க்கரை போன்ற கரிமப் பொருளைக் கலந்து சுட்டால், ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய கரிப்படலம் ஒட்டிக்கொள்ளும். 1999 அக்டோபரில் ஹவாய் மாநிலத்தின் ஹொனலூலுவில் நடந்த மின்வேதியியல் மாநாட்டில் இந்தக் குழு தன் முடிவுகளை முன்வைத்தது. வெறும் ஒரு சதவீத அளவு கார்பன். கிடைத்தது கிராமுக்கு சுமார் 160 எம்ஏஎச். அதாவது கணக்குப்படி கிடைக்க வேண்டியதில் 90 சதவீதத்துக்கும் மேல்! அந்தச் சோதனை 80 டிகிரி வெப்பத்தில், பாலிமர் எலெக்ட்ரோலைட்டில் நடந்தது என்பது உண்மைதான். ஆனால் பொருளில் கோளாறு இல்லை, ரோடு இல்லாததுதான் கோளாறு என்று அது காட்டிவிட்டது.

சாதாரண அறை வெப்பத்தில் முடியுமா என்ற கேள்விக்கு 2001இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நஸார் குழு பதில் சொன்னது. மிக நுண்ணிய துகள்களைக் கார்பனோடு பின்னிச் செய்த கலவையில், இரண்டு மணி நேரத்தில் முழுவதும் காலியாகும் வேகத்திலும் 90 சதவீதம் கிடைத்தது.

அந்தத் தோல் அப்படி என்னதான் செய்கிறது?

கரிப்பூச்சின் தடிமன் சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை மெல்லிய தோல் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைப் பார்க்கிறது.

ஒன்று, ரோடு போடுகிறது. எலெக்ட்ரான் துகளின் மேற்பரப்பு முழுவதும் ஓடி, எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே நுழையலாம். பக்கத்துத் துகளுக்கும் தாவலாம். தூளின் மொத்த மின்கடத்துதிறன் பல லட்சம் மடங்கு கூடுகிறது.

இரண்டு, துகளை வளரவிடாமல் தடுக்கிறது. உலையில் சுடும்போது சிறு துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாகப் பார்க்கும். நடுவில் கரி இருந்தால் ஒட்ட முடியாது. இதில் என்ன லாபம்? கரிப்பூச்சு மேற்பரப்பில்தான் உதவும். துகளுக்குள் போன பிறகு எலெக்ட்ரானும் அயனியும் பழையபடி தவழ்ந்துதான் போக வேண்டும். அந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் தூரத்தின் இருமடிக்கேற்பக் கூடும், குறையும். துகளைப் பாதியாகச் சிறிதாக்கினால் நேரம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே மேலே ரோடு, உள்ளே சிறிய வீடு. இரண்டும் சேர்ந்தால்தான் வேகம்.

மூன்று, இரும்பைக் காக்கிறது. எல்.எஃப்.பியில் இரும்பு இரட்டை நேர்மின்னூட்டத்தோடு இருக்க வேண்டும். கொஞ்சம் ஆக்ஸிஜன் பட்டாலும் அது அடுத்த நிலைக்குப் போய்விடும். அப்புறம் அது வேறு பொருள். உலையில் கருகும் சர்க்கரை அந்த ஆக்ஸிஜனைத் தானே வாங்கிக்கொண்டு இரும்பைச் சரியான நிலையில் நிறுத்துகிறது.

இன்றைய ஆலைகளில் பரவலாக உள்ள ஒரு முறை இது: இரும்பு பாஸ்பேட், லித்தியம் கார்பனேட், குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் மைபோல அரைப்பார்கள். சூடான காற்றில் தெளித்துத் தூளாக உலர்த்துவார்கள். நைட்ரஜன் நிரப்பிய நீண்ட சூளையில் மணிக்கணக்கில் சுடுவார்கள். கடைசியில் மறுபடி அரைத்துச் சலிப்பார்கள். வெளியே வருவது கன்னங்கரேல் என்ற தூள். பூச்சு இல்லாத எல்.எஃப்.பி வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்தக் கறுப்பு முழுக்கக் கருகிய குளுக்கோஸின் உபயம்.

ஒரு ஸ்கூட்டரில் எவ்வளவு கரி?

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கரிப்பூச்சுள்ள எல்.எஃப்.பி நடைமுறையில் கிராமுக்கு சுமார் 155 எம்ஏஎச் தரும். செல்லின் வோல்ட்டேஜ் சுமார் 3.2. பெருக்கினால் ஒரு கிராமுக்குச் சுமார் அரை வாட் மணி. அப்படியென்றால் 3 கிலோவாட் மணி பேட்டரி உள்ள ஸ்கூட்டருக்குச் சுமார் 6 கிலோ கேத்தோடு தூள் வேண்டும். அதில் கார்பன் ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் 90 கிராம்.

ஒரு கைப்பிடி கரி. அது இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் கிட்டத்தட்ட 6 கிலோவும் உருப்படியாக வேலை செய்யாது.

'அப்போ இன்னும் நிறைய பூசலாமே?'

நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் ஆரம்பத்தில் அப்படித்தான் போனார்கள். வாட்டர்லூ குழுவின் 2001ஆம் ஆண்டு கலவையில் கார்பன் சுமார் 15 சதவீதம். வேகம் அருமையாக வந்தது. ஆனால் கார்பன் லித்தியத்தைச் சேமிக்காது, இடத்தை மட்டும் பிடிக்கும். எல்.எஃப்.பியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.6 கிராம். கார்பன் சுமார் 2 கிராம். எடையில் 15 சதவீதம் என்றால் இடத்தில் ஏறக்குறைய கால்வாசி! ஒன்றரை சதவீதம் என்றால் இடத்தில் மூன்று சதவீதத்துக்கும் கீழ்தான்.

2002இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு இதைத்தான் சுட்டிக்காட்டியது. ஆய்வகத்தில் ஒரு கிராம் தூள் எவ்வளவு தருகிறது என்பது முக்கியமல்ல, வண்டியில் இருக்கும் ஒரு லிட்டர் இடத்தில் எவ்வளவு ஆற்றலை அடைக்க முடியும் என்பதுதான் முக்கியம். இன்றைய தொழிற்சாலைகளில் கார்பன் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள் நிற்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அளவு மட்டுமல்ல, பக்குவமும் முக்கியம். பூச்சு தடிமனாகிவிட்டால் லித்தியம் அயனி நுழைய வழி அடைபடும். அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தால் பூச்சு படாத இடம் சும்மா கிடக்கும். 600 டிகிரிக்குக் கீழே சுட்டால் கரி சரியாக வேகாது, மின்சாரத்தைக் கடத்தாது. ரொம்பச் சூடேற்றினால் துகள் பெருத்துவிடும். கூடவே இரும்பு பாஸ்பைடு என்ற வேண்டாத பொருளும் உருவாகும். ஜீரா பாகில் கம்பிப் பதம் பார்ப்பது போலத்தான் இது. ஒரு பதம் தப்பினால் தட்டு முழுவதும் வீண்.

கார்பனா, கலப்படமா? ஒரு பெரிய சண்டை

2002இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் யெட்-மிங் சியாங் குழு ஒரு பரபரப்பான முடிவை வெளியிட்டது. எல்.எஃப்.பி படிகத்துக்குள் நயோபியம் போன்ற வேறு உலோக அணுக்களைத் துளியளவு சேர்த்தால் மின்கடத்துதிறன் கோடி மடங்குக்கும் மேல் கூடுகிறது என்றார்கள். அதாவது தோலே வேண்டாம், உடம்பையே மாற்றிவிடலாம்.

ஆர்மான் குழு அடுத்த ஆண்டே மறுத்தது. அந்தத் தூளைத் தயாரிக்கப் பயன்படுத்திய கரிமப் பொருட்களிலிருந்து வந்த கார்பன்தான் வேலையைச் செய்கிறது என்பது அவர்கள் வாதம். 2004இல் நஸார் குழு நுண்ணோக்கியில் பார்த்து, துகள்களின் எல்லைகளில் கடத்தும் வலைப்பின்னல் ஒன்று உருவாகியிருப்பதைக் காட்டியது. அதில் இரும்பு பாஸ்பைடின் பங்கும் இருந்தது. விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. சியாங் இணைந்து தொடங்கிய ஏ123 சிஸ்டம்ஸ் நிறுவனம் 2012 அக்டோபரில் திவால் மனு கொடுத்து, பிறகு சீனாவின் வான்சியாங் குழுமத்தின் கைக்குப் போனது. தொழிற்சாலைகளில் நிலைத்து நின்றது என்னவோ கரிப்பூச்சுதான்.

கண்டுபிடித்தது ஒரு கண்டம், சம்பாதிப்பது இன்னொரு கண்டம்

பொருள் டெக்சஸில் பிறந்தது. பூச்சு கியூபெக்கில் பிறந்தது. ஆனால் இன்று எல்.எஃப்.பி கேத்தோடு தூளில் ஏறக்குறைய முழு உற்பத்தியும் சீனாவில். எப்படி?

டெக்சஸ், மான்ட்ரியால் பல்கலைக்கழகங்கள், ஹைட்ரோ-கியூபெக் உள்ளிட்ட அமைப்புகள் காப்புரிமைகளை ஒன்றாகத் தொகுத்து, பணம் வாங்கிக்கொண்டு உரிமம் கொடுத்தன. மற்ற நாடுகளில் எல்.எஃப்.பி செய்ய நினைத்தவர்களுக்கு இது ஒரு தடை. சீன நிறுவனங்களுக்கோ, சீனாவுக்குள் விற்கும்வரை அந்தச் சுமை இருக்கவில்லை. உள்நாட்டிலேயே பேருந்து, டாக்ஸி, கார் என்று பெரிய சந்தை. அரசு மானியமும் சேர்ந்தது. பத்து வருடங்களுக்கு மேல் சுட்டுச் சுட்டுப் பழகிக் கைப்பக்குவம் சேர்த்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் பிஒய்டி நிறுவனம் 'பிளேடு' பேட்டரியை அறிமுகப்படுத்தியது. 2021இல் டெஸ்லா தன் அடிப்படை ரகக் கார்களை உலகெங்கும் எல்.எஃப்.பிக்கு மாற்றுவதாக அறிவித்தது. 2022 வாக்கில் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியானபோது, போட்டியிட வேறு யாரும் தயாராக இல்லை.

2025 ஜூலையில் இன்னொரு பூட்டும் விழுந்தது. எல்.எஃப்.பி உள்ளிட்ட கேத்தோடு பொருட்களைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சீனா சேர்த்தது. அரசு அனுமதி இல்லாமல் அந்த அறிவை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. யோசித்துப் பாருங்கள். இரும்பு எல்லா நாட்டிலும் இருக்கிறது. சர்க்கரையும் இருக்கிறது. வேதியியல் 25 வருடம் பழைய கட்டுரைகளில் அப்படியே இருக்கிறது. பூட்டி வைக்கப்படுவது, அதை டன் கணக்கில், ஒரே தரத்தில், குறைந்த விலையில் சுட்டெடுக்கும் பக்குவம்.

இந்தியாவில் யார் சுடுகிறார்கள்?

இந்தியாவில் பேட்டரி பேக் பொருத்தும் நிறுவனங்கள் நிறைய. செல் தயாரிப்பு இப்போதுதான் தொடங்குகிறது. செல்லுக்குள் போகும் கேத்தோடு தூள் அதற்கும் ஒரு படி கீழே இருக்கும் தொழில்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் ஏஆர்சிஐ ஆய்வு மையம் கரிப்பூச்சுள்ள எல்.எஃப்.பி தயாரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. தூளைச் செய்துவிட்டுப் பிறகு பூசாமல், தயாரிக்கும்போதே பூச்சும் உருவாகும் முறை அது. அந்த மையத்தின் வாகன எரிசக்திப் பொருட்கள் பிரிவு சென்னை தரமணியில், ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில்தான் இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் லித்தியம் பேட்டரிகளில் நீண்ட அனுபவம் உள்ளது. தனியார் துறையில், கரி சார்ந்த பொருட்களைத் தயாரித்துவந்த கொல்கத்தாவின் ஹிமாத்ரி நிறுவனம் 2023 டிசம்பரில் ஒடிசாவில் எல்.எஃப்.பி ஆலைத் திட்டத்தை அறிவித்தது.

ஆய்வகத்தில் ஒரு கிலோ நன்றாக வருவதற்கும், ஆலையில் பத்தாயிரம் டன் அதே மாதிரி வருவதற்கும் நடுவில்தான் உண்மையான போட்டி இருக்கிறது.

இந்தப் பூச்சு எல்லா பேட்டரிக்கும் உதவுமா?

இல்லை. விலை உயர்ந்த கார்களில் இருக்கும் நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் கேத்தோடுகளில் இதே வித்தையைச் செய்ய முடியாது. அவற்றைச் சர்க்கரையோடு உலையில் வைத்தால், கார்பன் அந்த ஆக்சைடிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிடுங்கிக் கேத்தோடைக் கெடுத்துவிடும். அதனால் அவற்றுக்கு அலுமினியம் ஆக்சைடு போன்ற வேறு பூச்சுகளைப் பயன்படுத்துகிறார்கள்.

பாஸ்பேட் குடும்பத்துக்குத்தான் கரிப்பூச்சு கச்சிதமாகப் பொருந்தும். அடுத்த தலைமுறையாகப் பேசப்படும் எல்.எம்.எஃப்.பி, அதாவது இரும்பில் ஒரு பகுதிக்குப் பதில் மாங்கனீசு சேர்த்தது, 4.1 வோல்ட் வரை தரும். ஆனால் அதன் மின்கடத்துதிறன் எல்.எஃப்.பியை விடவும் மோசம். ஆகவே அங்கே பூச்சின் பொறுப்பு இன்னும் அதிகம். சோடியம் அயனி பேட்டரிகளுக்கான சோடியம் வனேடியம் பாஸ்பேட்டுக்கும் இதே மருந்துதான்.

சரி, வாங்கப் போகும் எனக்கு இதில் என்ன?

2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நாட்டின் பல ஊர்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தது நினைவிருக்கும். உயிர்களும் போயின. அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை ஒன்றிய அரசு இறுக்கியது. எந்த வகை பேட்டரி என்று மக்கள் கேட்க ஆரம்பித்ததும் அப்போதிருந்துதான். நீங்களும் கேளுங்கள். பதில் வந்ததும் இவற்றை நினைவில் வையுங்கள்:

- எல்.எஃப்.பி என்றால் பொதுவாக ஆயுள் அதிகம். 2,000 தடவைக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடியவை சகஜம். நம் ஊர் வெயிலில் அதிகப் பாதுகாப்பும் தரும்.

- 'தீப்பிடிக்காது' என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். கேத்தோடு எளிதில் ஆக்ஸிஜன் விடாது, அவ்வளவுதான். எலெக்ட்ரோலைட் இங்கேயும் எரியக்கூடியதே. மோசமான பேக், மட்டமான சார்ஜர், தண்ணீர் புகுந்த இணைப்பு எதையும் கரிப்பூச்சு காப்பாற்றாது.

- ஒரே ரேஞ்சுக்கு எல்.எஃப்.பி பேக் கொஞ்சம் கனமாக இருக்கும். அதன் செல்கள் கிலோவுக்குச் சுமார் 160 முதல் 190 வாட் மணி வரை தரும். நிக்கல் வகை 250ஐத் தாண்டும்.

- எல்.எஃப்.பியின் வோல்ட்டேஜ் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று வண்டியின் கணினி ஊகிப்பது கஷ்டம். அவ்வப்போது 100 சதவீதம் சார்ஜ் செய்யச் சொல்லி நிறுவனங்கள் அறிவுறுத்துவது இதற்காகத்தான். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

- 'கார்பன் கோட்டட்' என்று விளம்பரத்தில் தனியாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கரிப்பூச்சு இல்லாத எல்.எஃப்.பி செல்லைச் சந்தையில் யாரும் விற்க முடியாது. இட்லியில் உளுந்து சேர்த்திருக்கிறோம் என்று சொல்வது போலத்தான் அது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது செல் யாருடையது, வாரண்டி எத்தனை வருடம், வாரண்டி முடியும்போது எத்தனை சதவீதம் கொள்ளளவுக்கு உத்தரவாதம் தருகிறார்கள் என்பவை. தூள் நல்ல பக்குவத்தில் சுடப்பட்டதா என்பதை நீங்களோ நானோ பார்க்க முடியாது. தயாரித்தவருக்குத் தன் சரக்கின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பது அந்த உத்தரவாத எண்ணில் தெரிந்துவிடும்.